திருகோணமலை வீட்டுக்குள் எவ்வளவு மரம்? மூன்று தெரிவுகளின் ஒப்பீடு

கூரை வேலை முடிந்து உள்வேலை தொடங்கும் கட்டத்தில் வீடு கட்டுவோர் எடுக்கவேண்டிய முடிவுகளுள், செலவாலும் காலத்தாலும் கனமானது உள்ளே எவ்வளவு மரம் போடுவது என்பதே. சுவரின் நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிவிடலாம். சுவரோடு சேர்த்து அடித்த மரப்பலகையையோ, சமையலறை நீளத்துக்கும் போட்ட பேன்ட்றி கபேட்டையோ அப்படி மாற்ற முடியாது. திருகோணமலையில் இந்த முடிவு பெரும்பாலும் இரண்டு கட்சிகளுக்கு நடுவில்தான் எடுக்கப்படுகிறது. மரமென்றால் முதிரையும் தேக்கும், மற்றதெல்லாம் மட்டை என்பது வீட்டு மூத்தவர்களின் கட்சி. அலுமினியமும் போர்ட்டும் இருக்க மரத்துக்கு ஏன் இவ்வளவு காசைக் கொட்ட வேண்டும் என்பது இளையவர்களின் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு கட்சியினரும் பேச்சில் கொண்டுவராத ஒன்று இந்த ஊரின் காற்று. மாரியில் ஈரத்தையும், கச்சான் எனும் மேல்காற்றுக் காலத்தில் வறட்சியையும், ஆண்டு முழுவதும் கடலுப்பையும் வீட்டுக்குள் கொண்டுவருவது அதுதான். மரத்தின் அளவைத் தீர்மானிக்கவேண்டியதும் அதுவே.

ஒப்பிடுவதற்கு வசதியாகத் தெரிவுகளை மூன்றாக வைத்துக்கொள்ளலாம். முதலாவது முழுமரம்: நிலை, கதவு, யன்னல், சீலிங், படிக்கட்டு, அலமாரி, பேன்ட்றி, சில வீடுகளில் சுவரின் கீழ்ப்பாதி வரைக்கும் இயற்கை மரமே. இரண்டாவது மரத்தோற்றம்: யன்னலுக்கு அலுமினியம், அறைக் கதவுகளுக்கு வெற்றுள்ளுடைய ஆயத்தக் கதவு, அலமாரிக்கும் பேன்ட்றிக்கும் மரக்கோலம் அச்சிட்ட போர்ட். மூன்றாவது இடமறிந்த மரம்: சில இடங்களில் நல்ல மரம், மற்ற இடங்களில் மரமே இல்லை. என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாவதே இந்த ஊருக்குப் பொருத்தமானது. அதிலும் அளவை அறையின் பரப்பைக் கொண்டோ கையிருப்பைக் கொண்டோ தீர்மானிப்பதைவிட, கை தொடுமா, காற்றுப்படுமா, நீர் தேங்குமா என்ற மூன்று கேள்விகளைக் கொண்டு தீர்மானிப்பதே சரி. ஏன் என்பதற்கு மரத்தின் இயல்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாரியும் கச்சானும் மரத்துக்குச் செய்வது

மரம் வெட்டப்பட்டு, அறுக்கப்பட்டு, வானிஷ் பூசப்பட்ட பின்னரும் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்றிலுள்ள ஈரத்தின் அளவு, 60 சதவீதமளவில் நிலைத்திருந்தால் மரத்துக்குள் இருக்கும் நீர் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 11 சதவீதமாக வந்து நிற்கும். அதே மரம் 80 சதவீத ஈரக்காற்றில் நீண்ட நாள் இருந்தால் 15 அல்லது 16 சதவீதத்துக்கு ஏறும். திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றில் கிடைக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி கடக்கும் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான், மலைநாட்டிலும் தென்மேற்கிலும் மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறும் சூட்டோடு வந்துசேர்கிறது. ஆகவே ஒரே பலகை ஓர் ஆண்டுக்குள் ஈரத்தில் நான்கு சதவீதம் ஏறி இறங்குவது இங்கு சாதாரணமான செய்தி.

அந்த நான்கு சதவீதம் கண்ணுக்கு எவ்வளவாகத் தெரியும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். சுருக்கம் குறைந்த மரமென்று பெயரெடுத்த தேக்கு, பச்சையாக இருக்கும் நிலையிலிருந்து முற்றாக உலரும் வரை வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 சதவீதமும், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதமும் சுருங்கும். இதன்படி தட்டையாக அறுத்த ஓரடி அகலத் தேக்குப் பலகை மாரிக்கும் கச்சானுக்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் அகலத்தில் மாறுகிறது. ஆறடி அகலத்துக்குப் பலகைகளை நெருக்கி ஒட்டிச் சுவரில் அறைந்தால் மொத்த மாற்றம் 14 மில்லிமீற்றரளவுக்கு வரும். அவ்வளவு விரிவுக்கு இடம் விடாவிட்டால் பலகை நடுவில் எழும்பும், அல்லது ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வரும். பூச்சு இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது.

இதை நம் பழைய தச்சர்கள் கணக்கில்லாமலே அறிந்திருந்தார்கள். சட்டமும் பலகையுமாகச் செய்த ஒரு பழைய கதவை அருகில் நின்று பாருங்கள். நடுப்பலகையின் விளிம்பு சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல், ஆணியில்லாமல் வெறுமனே செருகப்பட்டிருக்கும். கச்சான் காலத்தில் அந்தப் பலகையின் ஓரத்தில், பூச்சுப் படாத வெளிறிய மரம் ஒரு நூலளவு கோடாக எட்டிப் பார்க்கும். மார்கழியில் அந்தக் கோடு காடிக்குள் போய்விடும். கதவின் வெளியளவு மட்டும் ஏறக்குறைய மாறாமல் நிற்கும், ஏனெனில் சட்டத்தின் நெடுக்குமரம் நார்ப்போக்கில் மிகச் சிறிதளவே நீளும். மரத்தை அசையவிட்டு வேலையை அசையாமல் வைத்திருக்கும் இந்த முறை தெரிந்த ஓடாவி கிடைத்தால்தான் மரத்தின் அளவைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். கிடைக்காவிட்டால், எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் அதன் அளவைக் குறைப்பதே புத்தி.

இன்று இதோடு குளிரூட்டியும் சேர்ந்திருக்கிறது. படுக்கையறைக்குள் காற்று இரவெல்லாம் வறண்டிருக்க, கதவுக்கு மறுபக்கத்து விறாந்தையில் ஈரக்காற்று நிற்கிறது. ஒரே கதவின் ஒரு முகம் சுருங்க மறுமுகம் விரிகிறது. குளிரூட்டி பூட்டிய அறையின் கதவுகள் வில்போல வளைந்து, மேல்மூலை நிலையில் பொருந்தாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மரத்தையோ தச்சரையோ குறை சொல்வதற்கு முன், கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பூச்சுப் பூசப்பட்டதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பூட்டிய கதவின் அந்த இரண்டு விளிம்புகளும் கண்ணில் படுவதில்லை. அதனாலேயே வேலையாட்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். மரமோ தன் வெட்டுமுனையால்தான் ஈரத்தை மிக வேகமாகக் குடிக்கிறது.

முழுமரத்தின் பக்கம்

முழுமரத்தை விரும்புவோர் முன்வைக்கும் முதல் வாதம் நீடித்த உழைப்பு. இந்தத் துறைமுகத்தின் வரலாறும் அவர்கள் பக்கம் பேசுகிறது. ஊரின் பெயர் தாங்கிய போர்க்கப்பலான டிரிங்கோமலி 1817இல் மும்பையில் தேக்கினால் கட்டி இறக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இந்தப் பகுதியின் காட்டு மரமான சமண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படுவது, இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறியது. படகுக்கும் பீப்பாய்க்கும் உகந்த அந்த மரம் ஆங்கிலேயர் காலத்து வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே அறியப்பட்டது. பாலை நீரில் இட்டால் அமிழ்ந்துபோகும் அளவுக்கு அடர்ந்த மரம். முதிரை பட்டுப்போல மினுங்கும் மஞ்சள் மரம். கறையானுக்கு எளிதில் இடம்கொடுக்காது. இப்படிப்பட்ட மரங்கள் வளர்ந்த மண்ணில் இருந்துகொண்டு அச்சிட்ட மரக்கோலத்தை ஏன் ஒட்டவேண்டும் என்ற கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அன்றைய மரம் வேறு, இன்று மரக்காலையில் கிடைக்கும் மரம் வேறு. இலங்கையில் 1990 முதல் இயற்கைக் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டிருக்கிறது. அது சரியான முடிவு. அதைத் தளர்த்த வேண்டுமென்று வீடு கட்டும் எவரும் விரும்பக் கூடாது. ஆகவே பாலையும் முதிரையும் இன்று சட்டப்படி கிடைப்பது தனியார் காணிகளிலிருந்தும் உடைத்த பழைய வீடுகளிலிருந்துமே பெரும்பாலும். தோட்டத் தேக்கு காட்டுத் தேக்கின் முதுமையை எட்டாமலே வெட்டப்படுகிறது. இளமரத்தில் வைரம், அதாவது நடுவிலுள்ள உறுதியான பகுதி, குறைவு; வெளிறு, அதாவது அதைச் சூழ்ந்த மென்மையான வெளிப்பகுதி, அதிகம். கப்பலைத் தாங்கியது முதிர்ந்த வைரம். உளு எனும் மரந்துளைக்கும் பூச்சிக்கும் கறையானுக்கும் முதலில் இரையாவது வெளிறு. தேக்கு என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், ஈடுகொடுப்பதில் இவை இரண்டும் ஒரே சரக்கல்ல. வீடு முழுவதையும் மரத்தால் நிரப்ப வேண்டுமென்று முடிவெடுத்தவருக்கு வேண்டிய அளவு வைர மரம் கிடைப்பது அரிது. அளவைக் காப்பாற்றுவதற்காக அவர் வெளிறு கலந்த மரத்தை ஏற்றுக்கொள்ள நேர்கிறது. மரத்தின் அளவைக் கூட்டக் கூட்ட அதன் தரம் கீழிறங்குவது இப்படித்தான். முழுமரத்துக்கு எதிராக நான் காணும் மிக வலுவான காரணமும் இதுவே.

சட்டப் பக்கமும் உண்டு. வளவில் நிற்கும் பலாவையோ பெண்பனையையோ தறித்து வீட்டுக்கு மரமாக்க நினைப்பவர், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின்படி முன் அனுமதி பெற வேண்டும். மரத்தை ஏற்றிவருவதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். விலை மலிவு என்பதற்காகப் பத்திரமில்லாத முதிரையை இரவில் இறக்கிக்கொள்ளும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கந்தளாய்ப் பக்கத்துக் காடுகளிலும் அதற்கு அப்பாலும் எஞ்சி நிற்கும் மரத்துக்கு, நம் விறாந்தைத் தூணைவிட அங்கேயே நிற்பதற்கு உரிமை அதிகம்.

சுவர்ப் பலகை, தரை, சீலிங் ஆகிய மூன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சுவருக்குப் பலகை அடிப்பது குளிர்நாட்டு ஏற்பாடு. நம் ஊரில் பலகைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இருள் கறையானுக்கு வாய்த்த பாதையாகிவிடும். நீண்ட மாரியில் சுவரில் ஊறும் ஈரமும் அங்கே உலராது. தரையும் அப்படியே. மரம் வெப்பத்தைக் கடத்தும் அளவு கொங்கிறீற்றினதில் பத்திலொரு பங்கை ஒட்டியது. அதனால்தான் குளிர்நாட்டவருக்கு மரத்தரை பாதத்துக்கு இதமாக இருக்கிறது. ஆனி மாதத்து நடுப்பகலில் நம் பாதம் தேடுவது எதிர்மாறானதை, அதாவது உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும் சீமெந்துத் தரையையோ ரைலையோ. சீலிங்குக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாம். ஓட்டுக் கூரைக்குக் கீழே லுணுமிதெல்ல போன்ற பாரமில்லாத மரத்தில் மெல்லிய பலகை அடித்து, மேலே காற்று ஓட வழி விட்டால் சூடும் தணியும், பார்வைக்கும் அழகு. கூரை ஒழுகாது என்பது உறுதியான வீட்டில் மட்டும் அதைச் செய்ய வேண்டும்.

மரத்தோற்றத்தின் பக்கம்

போர்ட்டைப் பழிப்பது எளிது. ஆனால் அதற்கு உள்ள ஒரு நன்மை மரத்துக்கு இல்லை: அது பருவத்தோடு சேர்ந்து அகன்று சுருங்குவது மிகக் குறைவு. அளந்து வெட்டிய கதவு அளந்தபடியே நிற்கும். வேலை சில நாளில் முடியும், விலை குறைவு, வெளிர் நிறத்தில் கிடைப்பதால் சிறிய அறை வெளிச்சமாகத் தெரியும். யன்னலைப் பொறுத்தவரை அலுமினியத்துக்கு நான் முழு மனதோடு வாக்களிப்பேன். உப்புவெளி, நிலாவெளி, சல்லிப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலுக்கு மரம் போட்டால் வெயிலும் உப்புச் சாரலும் வானிஷை அடிக்கடி உரித்துவிடும். பூச்சு உரிந்த இடத்தில் நீர் நுழையும். அதைப் பேணுவதற்கான பொறுமையும் பணமும் எல்லா வீட்டிலும் இருக்காது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், போர்ட் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. மரத்தூள் துகள்களைப் பசையிட்டு அழுத்திய துகள்போர்ட், மரநார்களை அழுத்திய எம்.டி.எஃப்., மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ஒட்டுப்பலகை, அதிலும் நீரை அதிகம் தாங்கும் கடல்தர ஒட்டுப்பலகை ஆகியவை விலையிலும் குணத்திலும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். துகள்போர்ட்டும் சாதாரண எம்.டி.எஃப்.உம் நீர் குடித்தால் வீங்கும். உலர்ந்த பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாது. மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கி ஒருவாறு தன் இடத்துக்கு வந்துவிடும், இவற்றுக்கு அந்தத் திரும்பல் இல்லை. பேன்ட்றியின் தொட்டிக்குக் கீழுள்ள கதவைத் திறந்து அடிவிளிம்பைத் தடவினால் இது விளங்கும். மேலே மரக்கோல அச்சு அப்படியே இருக்க, கீழ் ஓரம் ஊறிய பிஸ்கட்டைப் போல உப்பி, ஒட்டிய பட்டி வாய்பிளந்து நிற்கும். கீல் பிடித்திருந்த ஆணித் துளை தளர்ந்து போயிருக்கும், அதே இடத்தில் மீண்டும் முறுக்கினால் பிடிக்காது.

ஒட்டுப்பலகை வாங்குவோர் இந்தியத் தர முத்திரையைப் பார்த்தே வாங்க வேண்டும். ஐ.எஸ். 303 என்ற தரத்துக்குள் ஈரந்தாங்கும் வகையும் கொதிநீர் தாங்கும் வகையும் தனித்தனியே உண்டு. ஐ.எஸ். 710 கடல்தரத்துக்குரியது. ஈரந்தாங்கும் என்று எழுதியிருப்பதை நீர்புகாதது என்று கடையில் விளக்குவார்கள், அது அப்படியன்று. இவற்றை ஒட்டும் பசைகள் பலவற்றில் போமல்டிகைட்டு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையகம் 2004இல் அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. அதற்காகப் பயந்து போர்ட்டையே ஒதுக்கவேண்டியதில்லை. ஆனால் குளிரூட்டியைப் பூட்டி யன்னலைச் சாத்தி வைக்கும் சிறிய படுக்கையறை முழுவதையும் மலிவான போர்ட்டால் நிரப்புவது நல்ல தெரிவன்று. குறைந்த வெளியீட்டைக் குறிக்கும் ஈ1 அடையாளம் உள்ளதை வாங்கி, வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றையும், பின்பக்கத்தையும் சேர்த்தே, பட்டியிட்டு மூடச் சொல்ல வேண்டும். மரத்தூளும் அதே முதல் வகுப்பில்தான் இருக்கிறது. முதிரைத் தூள் தோலையும் அரிக்கும். வீட்டு முற்றத்தில் மரம் அறுக்கும் ஓடாவிக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

இடமறிந்த மரம்

மூன்றாவது தெரிவில், மரம் எங்கே தன் விலைக்கு உரிய பயனைத் தருகிறது என்று பார்த்து அங்கே மட்டும் தாராளமாகச் செலவிடுகிறோம். வாசற்கதவும் அதன் நிலையும் முதலிடம் பெறுகின்றன. நாள் பார்த்து, மஞ்சளும் பூவும் வைத்து நிலை நிறுத்தும் வழக்கமுள்ள நமக்கு அது வெறும் சட்டமன்று. வீட்டுக்குள் வருவோர் எல்லோரும் தொட்டுச் செல்லும் மரமும் அதுவே. அதற்கு முதிரையோ பாலையோ பழைய வீட்டிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் வைரமாக வாங்கலாம். நிலையின் கால் தரைக்குள் புதையாமல், சீமெந்துக்கு மேல் நிற்க வேண்டும். சுவரில் பதியும் முகத்துக்குப் போறன் கலந்த மருந்து பூசவேண்டும். உள்ளறைகளுக்குக் கொங்கிறீற் நிலையே போதும். கறையான் தொல்லையுள்ள மணற்பாங்கான காணிகளில் அதுவே சிறந்ததும் கூட.

அடுத்தது கைபிடி. படிக்கட்டு கொங்கிறீற்றாகவே இருக்கட்டும், மேலே கையோடும் சட்டம் மட்டும் மரமாக இருந்தால் போதும். இரும்பு வெயிலில் சுடும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். நன்றாக இழைத்த மரமோ ஆண்டுகள் போகப்போக உள்ளங்கை எண்ணெயில் மெருகேறும். சாப்பாட்டு மேசை, ஊஞ்சல், சுவாமியறைக் கதவு ஆகியவையும் இந்த வகையில் அடங்கும். நான்கு பக்கமும் காற்றுப்படும், நாளாந்தம் கைபடும், பழுதானால் கழற்றி இழைக்கலாம்.

அலமாரியில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். சுவரோடு பொருத்திய அலமாரி இடத்தை மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் வெளிச்சுவரில் பொருத்தினால் அது மாரியில் சுவாசிக்க வழியில்லாமல் நிற்கிறது. உப்புவெளியில் நான் பார்த்த ஓர் அலமாரியின் முன்புறம் புதிதாகவே இருந்தது. தை மாதத்தில் ஒரு சாரத்தை எடுப்பதற்காக அடித்தட்டின் பின்மூலைக்குக் கை போனபோது, துணியில் சாம்பல்நிறப் பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. பின்பலகையைக் கழற்றியபோது சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல்கூட நுழைய இடமில்லை. அந்த அலமாரி தேக்காக இருந்திருந்தாலும் பூஞ்சணம் வந்தே இருக்கும், எனவே இங்கே மரமா போர்ட்டா என்பதைவிட இடைவெளியே முக்கியம். என் பரிந்துரை இது: உடல் கடல்தர அல்லது கொதிநீர் தாங்கும் ஒட்டுப்பலகையில், கதவுகள் மட்டும் சட்டமும் பலகையுமாக மரத்தில், உள்சுவரோடு, பின்னால் இரண்டு அங்குலம் விட்டு, கால் வைத்து. மரத்தில் செய்த கதவைச் சட்டமும் பலகையுமாகச் செய்தால் அசைவுக்கு இடமிருக்கும். அகன்ற ஒற்றைப் பலகையில் செய்யச் சொல்லக் கூடாது.

பேன்ட்றிக்கு நம் ஊரிலேயே வழக்கில் இருக்கும் ஏற்பாடு முதல் இரண்டு தெரிவுகளையும் வென்றுவிடுகிறது. கீழ்த்தட்டுக்களைக் கொங்கிறீற்றில் வார்த்து ரைல் ஒட்டி, முன்னால் மரக்கதவு மட்டும் பூட்டுவது. குழாய் கசிந்தாலும், தரை கழுவிய நீர் உள்ளே போனாலும், மூதூர், கிண்ணியாப் பக்கம் போல வெள்ளம் கணுக்காலுக்கு வந்தாலும் துடைத்துவிட்டுச் சமைக்கலாம். குளியலறைக் கதவுக்கு மரம் வேண்டாம், அலுமினியமோ பிளாஸ்ரிக்கோ போதும். கீல், பூட்டு, ஆணி எல்லாவற்றுக்கும் பித்தளையோ 316 தரத் துருப்பிடியா உருக்கோ வாங்க வேண்டும். நல்ல கதவில் மலிவான இரும்பு ஆணி அடித்தால், துருவும் மரச்சாறும் சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படரும், அதைப் பின்னர் எடுக்க முடியாது.

மரக்காலையில் பார்க்க வேண்டியது

அளவைக் குறைத்தால் தரத்தைத் தேட நேரமும் பணமும் மிஞ்சும். அந்த நேரத்தைச் செலவிடும் இடம் மரக்காலை. பலகையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் வெட்டுமுனையைப் பார்க்க வேண்டும். நடுவில் கருத்த வைரமும் ஓரத்தில் நிறம் மங்கிய வெளிறும் அங்கே தெளிவாகப் பிரிந்து தெரியும். வெளிறின் அகலம் இரண்டு விரலுக்கு மேல் இருந்தால் அதைக் கழித்துவிட்டே விலை பேச வேண்டும். வெளிறில் ஊசி குத்தியது போன்ற துளைகளும், பலகையைத் தட்டினால் மாவு போன்ற தூளும் விழுந்தால் உளு உள்ளே இருக்கிறது. அந்தக் குவியலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. முனையில் வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அப்பலகை அகலத்தில் குறைவாகவே அசையும், வளைவதும் குறைவு. கதவுச் சட்டத்துக்கு அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். ஈரமானி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. 14 சதவீதத்துக்கு மேல் காட்டினால், குறுக்குச் சலாகை வைத்து அடுக்கி, நிழலில் காற்றாட விட்டே வேலைக்கு எடுக்க வேண்டும். உடைத்த வீட்டு மரம் இந்த இடத்தில் புதுமரத்தை வெல்கிறது. பல பத்தாண்டுகள் இதே ஊர்க் காற்றில் ஏறி இறங்கிப் பழகிய மரம் அது. பழைய ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும் என்பதே அதிலுள்ள ஒரே சிரமம்.

கண்ணுக்கு எவ்வளவு போதும்

இவ்வளவும் சொன்ன பிறகும், மரம் சூழ்ந்த அறையில் மனம் அமைதியடைகிறது என்ற வாதம் மிச்சமிருக்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ஜப்பானில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றில், உட்பரப்பில் மரம் 0, 45, 90 சதவீதமாக அமைத்த அறைகளில் இளைஞர்களை இருத்தி அவர்களின் உடல் மாற்றங்களை அளந்தார்கள். வசதியாக இருந்ததாக அவர்கள் சொன்னது 45 சதவீத அறையைத்தான். 90 சதவீத அறையில் இரத்த அழுத்தம் நன்றாகக் குறைந்தது, ஆனால் மூளையின் செயற்பாடும் வேகமாகத் தணிந்தது. சிலரைக் கொண்டு, வேறு நாட்டு அறையில் பெற்ற இலக்கத்தை நம் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டினால் கூட்டியபடி நன்மையும் கூடிக்கொண்டே போவதில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் அறை சிறிது, வெயிலுக்குப் பயந்து யன்னலையும் திரையால் மறைத்துவிடுகிறோம். மஹோகனி போன்ற செங்கருமை மரம் இருக்கும் வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். நின்று பார்த்தால் தெரியும் பரப்பில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை மரம் இருந்தால், சுண்ணாம்பு வெள்ளைச் சுவருக்கு நடுவில் அது தனித்துத் தெரியும். அதற்கு மேல் போனால் எந்த மரமும் தனியாகத் தெரியாது. பலா மரம் போட நினைப்போர், இன்றைய எலுமிச்சை மஞ்சள் சில ஆண்டுகளில் தேன்பழுப்பாகிவிடும் என்பதை மனத்தில் வைத்து நிறம் பொருத்த வேண்டும்.

கடைசியாக, வேலையின் பருவம். கச்சான் உச்சத்தில் இருக்கும் ஆடியில் கதவு பூட்டினால், மாரியில் விரிவதற்காகப் பூட்டுப் பக்கம் மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லுங்கள். அப்போது அது தளர்வாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. மார்கழியில் பூட்டினால் இடைவெளி குறைவாக இருக்கலாம், ஏனெனில் கதவு அப்போது தன் பெரிய அளவில் இருக்கிறது. மாரியில் இறுகும் கதவைக் கண்டதும் இழைக்கக் கொடுத்துவிட வேண்டாம். மாசி, பங்குனி வரை பொறுத்து, அப்போதும் இறுகினால் மட்டும் இழைத்து, இழைத்த விளிம்புக்கு அன்றைக்கே பூச்சுக் கொடுக்க வேண்டும்.